பன்னாடையும் பத்து வரி ஸ்கிரிப்டும்

நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் மாணாக்கரைத் தரம் பிரிக்கும்போது கடைசி வரிசையில் சேர்க்கும் பொருள்களில் ஒன்று நெய்யரி. பேச்சில் அதைப் பன்னாடை என்போம். தென்னை மட்டையின் அடியில் வலைபோல் பின்னிக் கிடக்கும் நாரில் நெய்யை ஊற்றினால் நெய் கீழே இறங்கிவிடும், கசடு மேலே தங்கிவிடும். நல்லதை விட்டுவிட்டு அல்லதைப் பிடித்துக்கொள்கிறது என்பது அதன்மேல் சொல்லப்படும் குற்றம். ஆளைத் திட்டவும் அந்தச் சொல் இன்றுவரை புழங்குகிறது. பாவம், பன்னாடைக்கு இதில் கொஞ்சம் அநியாயம் நடந்திருக்கிறது. நெய் வடிக்கிறவருக்கு வேண்டியது கீழே வைத்த பாத்திரம். மேலே தங்கியதை அவர் உதறிவிடப் போகிறார். எந்தப் பக்கம் நெய், எந்தப் பக்கம் கசடு என்பது நாருக்குத் தெரியாது. ஒரு உரைக் கோப்பிலிருந்து வேண்டிய வரிகளை மட்டும் பிரித்தெடுக்கும் சின்ன ஸ்கிரிப்டும் இதே ஜாதிதான். கோப்பைத் திற, ஒரு வரி படி, தேடும் சொல் அதில் இருந்தால் புதுக் கோப்பில் எழுது, இல்லாவிட்டால் அடுத்த வரிக்குப் போ. பல மொழிகளில் பத்து வரியைத் தாண்டாது. கணினி கற்பவர்கள் முதல் வாரத்திலேயே எழுதும் பயிற்சி இது. அதனாலேயே இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்ற எண்ணம் ஊறிப் போயிருக்கிறது. வடிகட்டி பிடித்து வைத்ததை எல்லோரும் பார்க்கிறார்கள்; கீழே விட்டதை யாரும் பார்ப்பதில்லை. அதன் தவறுகளில் மோசமானவை அங்கேதான் கிடக்கின்றன. விட்ட வரிகளுக்குக் கணக்கு வைக்காத ஸ்கிரிப்ட், எத்தனை எளிமையாக இருந்தாலும், பாதி எழுதிய ஸ்கிரிப்ட்தான் என்பது என் கட்சி.

இந்தக் கருவியின் பிறப்பே ஒரு வடித்தெடுக்கும் தேவையில்தான் நடந்தது. பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் உருவாகிக்கொண்டிருந்த காலம். லீ மக்மஹன் என்ற ஆய்வாளர் ‘ஃபெடரலிஸ்ட்’ கட்டுரைகளை ஆராய விரும்பினார். அமெரிக்க அரசியல் சாசனத்துக்கு ஆதரவாக 1787, 1788 ஆண்டுகளில் புனைபெயரில் வெளிவந்த 85 கட்டுரைகள் அவை. அவற்றில் 12 கட்டுரைகளை ஹாமில்டன் எழுதினாரா மாடிசன் எழுதினாரா என்ற சண்டை நெடுங்காலம் நடந்தது. மொத்த உரையும் ஒரு மெகாபைட்டைத் தாண்டும். அன்றைய பிடிபி-11 கணினியில் ஒரு நிரல் ஒரே நேரத்தில் தொடக்கூடிய நினைவகம் 64 கிலோபைட். ‘எட்’ என்ற எடிட்டரில் வேண்டிய சொல் உள்ள வரிகளை மட்டும் காட்டச் சொல்லும் கட்டளை இருந்தது, ஆனால் முழு உரையும் எடிட்டருக்குள் அடங்கவில்லை. கென் தாம்சன் அந்த ஒரு கட்டளையை மட்டும் எடிட்டரிலிருந்து பிடுங்கித் தனி நிரலாக்கினார் என்றும், எட் கட்டளையின் எழுத்துகளே கிரெப் என்ற பெயராக நின்றுவிட்டன என்றும் பிரையன் கெர்னிகன் சொல்லியிருக்கிறார். 1973-இல் வந்த நான்காம் யூனிக்ஸ் பதிப்பில் அது இடம்பெற்றது. கோப்பு முழுவதையும் உள்ளே வாங்காமல் ஒரு வரியைப் படித்து, முடிவெடுத்து, மறந்துவிட்டு அடுத்ததற்குப் போவது அதன் தந்திரம். இடப் பற்றாக்குறை கற்றுக்கொடுத்த அந்தத் தந்திரத்தால்தான் இன்றும் கைக்கணினியில் பல கோடி வரிகளை வடிக்க முடிகிறது. மறதிதான் அதன் பலம், பலவீனமும் அதுவே. விட்ட வரியைப் பற்றி அதனிடம் ஒரு தடயமும் மிஞ்சாது. ஃபெடரலிஸ்ட் வழக்கை 1964-இல் புள்ளியியல் வழியில் மாடிசன் பக்கம் தீர்த்த மாஸ்டெல்லரும் வாலஸும், ‘அப்பான்’ போன்ற சாதாரண இணைப்புச் சொற்கள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணித்தான் தீர்த்தார்கள். ஹாமில்டன் அதைத் தாராளமாகப் போடுவார், மாடிசன் அரிதாக. இந்த எண்ணிக்கையை கிரெப்பிடம் கேட்டிருந்தால் தப்பாகிவிடும். அதன் எண்ணும் வசதி வரியை எண்ணுமே ஒழிய, ஒரே வரியில் இரண்டு முறை வந்த சொல்லை இரண்டாக எண்ணாது.

ஆக, வரி என்பது என்ன என்ற கேள்வி முதலில் நிற்கிறது. கணினிக்கு வரி என்பது ஒரு வரிமுடிவுக் குறியிலிருந்து அடுத்த குறி வரை உள்ள பைட்டுகள்; அதற்கு மேல் ஒன்றுமில்லை. யூனிக்ஸ் வழியில் அந்தக் குறி ஒன்று, விண்டோஸ் வழியில் இரண்டு. விண்டோஸில் செய்த கோப்பை லினக்ஸில் வடிக்கும்போது, ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொண்டிருக்கும். ‘மதுரை என்று முடியும் வரிகள்’ என்று கேட்டால் ஒன்றுகூட வராது, கோப்பில் நூறு மதுரை இருந்தாலும். கடைசி வரிக்குப் பின் வரிமுடிவு இல்லாத கோப்பை ஷெல்லில் வழக்கமான சுழற்சி போட்டுப் படித்தால் அந்தக் கடைசி வரி சத்தமில்லாமல் காணாமல் போகும். இவை தெரிந்த தொல்லைகள், மருந்தும் தெரிந்தது. மருந்துக்கு எளிதில் அகப்படாத தொல்லை வேறு. நாம் ‘ஒன்று’ என்று நினைப்பதும் கோப்பு ‘ஒரு வரி’ என்று வைத்திருப்பதும் பல இடங்களில் ஒன்றல்ல. திருக்குறளை எடுத்துக்கொள்வோம். 1330 குறள், ஒவ்வொன்றும் இரண்டடி, முதலடியில் நாலு சீர், இரண்டாமடியில் மூன்று. அடிக்கு ஒரு வரியாக வைத்த கோப்பில் 2660 வரிகள் இருக்கும். அதில் ஒரு சொல்லைத் தேடி வடித்தால் கையில் கிடைப்பது அரைக் குறள்கள். சொல் இரண்டாமடியில் இருந்தால் மூன்று சீர் தலையில்லாமல் வந்து நிற்கும். முன்வரி ஒன்றும் பின்வரி ஒன்றும் சேர்த்துக் காட்டு என்று கேட்டால் பக்கத்துக் குறளின் பாதியும் கூடவே வரும். இதற்கு மேல், சீர் பிரித்து அச்சிட்ட பதிப்பில் ஒரு சொல்லின் தலை ஒரு சீரிலும் வால் அடுத்த சீரிலும் கிடக்கும்; யாப்பு வெட்டிய இடத்தில் அகராதிச் சொல்லைத் தேடினால் அகப்படாது. அட்டவணைக் கோப்புகளிலும் இதே கதை. மேற்கோள் குறிக்குள் அடைத்த முகவரிப் புலம் ஒன்று இரண்டு மூன்று வரியாக ஓடலாம், சட்டப்படி அது ஒரே பதிவு. வரி வடிகட்டி அந்தப் பதிவை நடுவில் அறுத்து, பெயரை ஒரு பக்கமும் ஊரை மறுபக்கமும் போட்டுவிடும்.

தமிழ் அச்சுக்கே உரிய ஒரு சிக்கலையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆங்கில அச்சில் வரி முடிவில் சொல்லை உடைத்தால் சிறு கோடு போடுவார்கள். நம் நாளிதழ்களும் பழைய நூல்களும் இடம் தீர்ந்த இடத்தில் கோடு எதுவும் போடாமல் சொல்லை உடைத்து மிச்சத்தை அடுத்த வரியில் அச்சிடுவது சகஜம். படிக்கும் கண் தானே ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பக்கத்தை ஸ்கேன் செய்து, எழுத்துணரி கொண்டு உரையாக்கி, அச்சுவரி ஒன்றுக்குக் கோப்புவரி ஒன்றாக வைத்தால், ‘பல்கலைக்’ ஒரு வரியிலும் ‘கழகம்’ அடுத்ததிலும் கிடக்கும். ‘பல்கலைக்கழகம்’ என்று தேடுகிறவருக்கு அந்த இடம் இல்லவே இல்லை. உடைந்தது என்று சொல்ல ஒரு கோடாவது இருந்திருந்தால் அதை வைத்து ஒட்டியிருக்கலாம்.

அடுத்தது எழுத்து. ‘தமிழ்’ என்ற சொல் பள்ளிக்கூடக் கணக்கில் மூன்று எழுத்து. யூனிகோடில் அது ஐந்து குறியெண்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8 கோப்பில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆகப் பதினைந்து. ‘மூன்றெழுத்துச் சொல் உள்ள வரிகளை எடு’ என்று எழுதிய ஸ்கிரிப்ட் இந்த மூன்று கணக்கில் எதைப் பின்பற்றுகிறது என்பது எழுதியவருக்கே பெரும்பாலும் தெரியாது. பைத்தானுடன் கூடவே வரும், எழுத்துக் கோலங்களைத் தேடும் ரீஜெக்ஸ் நூலகத்தில் ‘சொல்லில் வரும் எழுத்து’ என்பதற்கு ஒரு குறியீடு உண்டு. அது உயிர்க்குறியையும் புள்ளியையும் எழுத்தாக ஏற்பதில்லை. ‘தமிழ்’ என்று கொடுத்து அதில் உள்ள சொற்களை எடு என்றால் ‘தம’ என்று ஒன்றும் ‘ழ’ என்று ஒன்றுமாக இரண்டு சொல் எடுத்துக் கொடுக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. முழுச் சொல்லாக நிற்கும் ‘தம’வை மட்டும் காட்டு என்றால், தமிழ் என்று எழுதிய வரியெல்லாம் வந்து குவியும்.

ஒரே எழுத்து இரண்டு உருவில் கோப்பில் இருக்கலாம் என்பது இதைவிட நுணுக்கமான தொல்லை. ‘கொ’ என்பதை ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு குறியெண்ணில் எழுதலாம். ககரம், ஒற்றைக் கொம்பு, கால் என மூன்றிலும் எழுதலாம். திரையில் மயிரிழை வேறுபாடும் தெரியாது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்பில் இரண்டும் கலந்து கிடந்தால் ‘கொடுமுடி’ என்ற தேடல் பாதியைத்தான் பிடிக்கும். இதற்கு யூனிகோடே ஒரு வழி வைத்திருக்கிறது: இருபக்கத்தையும் ஒரே வடிவத்துக்கு இயல்பாக்கிவிட்டுப் பிறகு ஒப்பிடுவது. ஆனால் அந்த இயல்பாக்கம் எல்லாவற்றையும் ஒன்றாக்காது. ‘கௌரி’ என்பதை ‘கெளரி’ என்று, ஒற்றைக் கொம்பும் ளகரமும் வைத்துத் தட்டியிருப்பவர்கள் ஏராளம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு ளகரம் ளகரம்தான். ஸ்ரீரங்கத்திலும் இதே வில்லங்கம். அந்த முதலெழுத்தை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம். 2005-இல் யூனிகோடில் சேர்ந்த இன்னொரு கிரந்த எழுத்தான ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம், ஆனால் இயல்பாக்கினாலும் இரண்டாகவே நிற்கும். ஊர்ப் பெயரை வைத்து வடித்த பட்டியலில் ஸ்ரீரங்கத்துக்காரர்கள் சிலர் விடுபட்டால், காரணத்தைத் திரையை உற்றுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

யூனிகோடுக்கு முந்தைய கோப்புகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இலங்கையில் வெகுவாகப் புழங்கிய பாமினி எழுத்துருவில் தட்டிய ‘தமிழ்’, கோப்புக்குள் நாலு ஆங்கிலச் சிற்றெழுத்தும் ஒரு அரைப்புள்ளியும்தான். அதாவது அங்கே மெய்யின் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு அரைப்புள்ளி. அரைப்புள்ளியைப் புலம் பிரிக்கும் குறியாகக் கொண்ட ஸ்கிரிப்டில் அந்தக் கோப்பைப் போட்டால் என்ன கந்தரகோளம் நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது, பொருந்துதல். தேடும் எழுத்துச் சரம் வரியில் இருக்கிறது என்பதும் தேடும் பொருள் வரியில் இருக்கிறது என்பதும் வேறு. இதற்கு உலகம் அறிந்த சாட்சி ஸ்கந்தார்ப் என்ற இங்கிலாந்து நகரம். அந்தப் பெயரின் நடுவே ஒரு ஆபாசச் சொல்லின் எழுத்துகள் வரிசையாக அமைந்துவிட்டதால், 1996-இல் ஏஓஎல் நிறுவனத்தின் வடிகட்டி அந்த ஊர்க்காரர்களைக் கணக்குத் தொடங்க விடவில்லை. ஆங்கிலத்தில் இந்தப் பொறி அவ்வப்போது. தமிழில் அது அன்றாடம். ‘கல்’ என்று தேடினால் கல்வி வரும், கல்லூரி வரும், கல்யாணம் வரும், பகலும் நகலும் வரும். வராதது எது தெரியுமா? ‘கற்கள்’. ஒருமையில் லகரமாக இருந்தது பன்மையில் றகரமாகிவிட்டது. ‘மரம்’ என்று தேடினால் மரத்தில் ஏறியவனும் அகப்படமாட்டான், வெட்டிய மரங்களும் அகப்படா. இறுதி மகரத்தை விட்டுவிட்டு ‘மர’ என்று தேடினால் மரபும் மரணமும் மரியாதையும் சேர்ந்து வரும். சொல்லின் அடி திரிவதும், உருபு ஏறுவதும், இரண்டு சொல் புணர்ந்து இடைவெளி இல்லாமல் ஒட்டுவதும் இந்த மொழியின் இயல்பு. ஆங்கிலத்துக்காகப் பழகிய கை, முன்னும் பின்னும் சொல்லெல்லை வைத்துத் தேடினால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கும். தமிழில் அங்கேதான் பிரச்சினை தொடங்குகிறது.

இவற்றையெல்லாம் தட்டிப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாமே, விளைவைப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்பது முதல் மறுப்பு. அனுபவமுள்ளவர்களே இதைச் சொல்வார்கள், ஏனென்றால் அவர்கள் அப்படித்தான் வேலை செய்கிறார்கள்: ஒருமுறை ஓட்டு, வந்ததைப் பார், பிழையானது இருந்தால் விதியைத் திருத்து, மறுபடி ஓட்டு. இந்த முறை ஒருபக்கத்தைத்தான் திருத்துகிறது. ‘கல்’ தேடலில் கல்யாணம் வந்தால் கண்ணில் படும், உடனே விலக்கிவிடலாம். ‘கற்கள்’ வராதது எந்தக் கண்ணில் படும்? ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் வடிகட்டி இறுகிக்கொண்டே போகிறது. தவறாக வந்தவை குறைகின்றன, தவறாக விட்டவை அப்படியே இருக்கின்றன அல்லது கூடுகின்றன. கடைசியில் கையில் நிற்கும் கோப்பு பளிச்சென்று சுத்தமாக இருக்கும். அந்தச் சுத்தத்தைச் சரி என்று எடுத்துக்கொள்வதுதான் ஏமாற்றம். கூடவே, கிரெப் ஒன்றும் அகப்படாதபோது ஒரு எண்ணையும், கோப்பையே படிக்க முடியாதபோது வேறொரு எண்ணையும் முடிவு நிலையாகத் திருப்பித் தருகிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்கும் ஸ்கிரிப்டுகள் குறைவு. ‘இல்லை’ என்பதும் ‘பார்க்கவில்லை’ என்பதும் வெற்றுக் கோப்பு என்ற ஒரே முகத்தோடு வந்து நிற்கின்றன.

ஸ்கிரிப்டே எதற்கு, எக்செல்லில் திறந்து ஃபில்டர் போட்டால் எல்லாம் கண்முன் இருக்குமே என்பது அடுத்த மறுப்பு. கண்முன் இருக்கும் என்ற நம்பிக்கைக்கு இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை 2020-இல் விலை கொடுத்தது. ஆய்வகங்களிலிருந்து வந்த கோவிட் முடிவுகளைப் பழைய எக்செல் வடிவத்தில் ஏற்றினார்கள். அந்த வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிதான். அதற்கு மேல் வந்தவை விழுந்துவிட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான நாள்களில் 15,841 தொற்றாளர்கள் கணக்கில் சேரவில்லை, அவர்களோடு பழகியவர்களைத் தேடிப் போவதும் தாமதமானது. யாரும் அங்கே வடிகட்டி எழுதவில்லை. தாளின் அளவே வடிகட்டியாகிவிட்டது. புதிய வடிவத்தில் பத்து லட்சத்துச் சொச்சம் வரி கொள்ளும் என்பது சுவரைத் தள்ளி வைத்ததுதான். உள்ளே போனது எத்தனை, ஏறியது எத்தனை என்று இரண்டு எண்ணை ஒப்பிட்டிருந்தால் முதல் நாளே வெளிப்பட்டிருக்கும். இப்போது சிலர் கோப்பையே மொழி மாதிரிகளிடம் கொடுத்து வரிகளைப் பொறுக்கச் சொல்கிறார்கள். நீளமான கோப்பில் அவை வரியைத் தாண்டிப் போகலாம், சொல்லை மாற்றியும் தரலாம். ஸ்கிரிப்டை எழுதித் தா என்று கேட்பது மேல். எழுதியது யாராக இருந்தாலும் எண்ணிப் பார்க்கலாமே.

எழுத்துச் சிக்கலுக்கெல்லாம் குறியேற்றமே காரணம், உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுத்திருந்தால் இந்தப் புலம்பலே இருந்திருக்காது என்ற வாதத்தைத் தமிழ்க் கணிமை வட்டாரத்தில் நெடுநாளாகக் கேட்கலாம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு சேர்த்து ஏற்றுக்கொண்ட டேஸ்-16 அப்படிப்பட்ட ஏற்பாடுதான். அதில் ‘மி’ ஒரே குறியெண், தமிழ் மூன்றே எழுத்து. ‘கொ’வுக்கு இரண்டு உருவம் என்ற தலைவலி அங்கே எழாது. ஆனால் டேஸ்-16 கோப்பிலும் கல் கற்களாகும், மரம் மரத்தில் ஆகும், குறள் இரண்டு வரியாக உடையும், பல்கலைக்கழகம் அச்சு முனையில் முறியும். மூன்று ஓட்டையில் ஒன்றை அடைத்துவிட்டுக் குடம் ஒழுகாது என்று சொல்ல முடியாது. பவணந்தியார் பட்டியலில் அந்த ஓட்டைக் குடமும் இருக்கிறது.

எனக்குக் கனமாகப் படும் மறுப்பு நடைமுறையிலிருந்து வருகிறது. விட்ட வரிகளை இன்னொரு கோப்பில் எழுதுவதற்கு ஸ்கிரிப்டில் இரண்டு வரி கூடுதலாகும், எண்ணிக்கைக்கு இன்னும் இரண்டு, அது பெரிதல்ல. ஆனால் பத்து லட்சம் வரியில் ஐயாயிரத்தை எடுத்தால் விட்டது ஒன்பது லட்சத்துத் தொண்ணூற்றையாயிரம். அதை யார் படிப்பது? முழுதும் படிக்க வேண்டியதில்லை. அந்தக் கோப்பிலேயே தளர்ந்த விதியொன்றை வைத்து மறுபடி வடிக்கலாம். மரத்தைத் தேடியவர் அங்கே ‘மரத்’, ‘மரங்’ என்ற அடிகளைத் தேடலாம். விட்டவை மட்டுமே அங்கே இருப்பதால் வருவதெல்லாம் புதுச் செய்தி. பிறகு குருட்டாம்போக்கில் 300 வரி எடுத்துக் கண்ணால் படிக்கலாம், ஒரு மணி நேர வேலை. அதில் தவறாக விட்டது ஒன்றுகூட இல்லையென்றால், மொத்தத்தில் தவறு நூற்றுக்கு ஒன்றைத் தாண்டாது என்று 95 விழுக்காடு உறுதியோடு சொல்லலாம் என்பது புள்ளியியலில் பழைய கணக்கு. அந்த ஒன்று என்பது ஒன்பது லட்சத்துத் தொண்ணூற்றையாயிரத்தில் ஏறக்குறைய பத்தாயிரம் வரி என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும். எடுத்த ஐயாயிரத்தைப்போல இரண்டு மடங்கு! பட்டியலில் பெயர் விடுபட்டால் ஒருவருக்கு உதவித்தொகை போய்விடும் என்ற வேலையில் 300 போதாது. பழைய நூலில் ஒரு சொல்லாட்சியைப் பொதுவாக அறிய வேண்டிய வேலைக்கு அது தாராளம். எவ்வளவு பார்ப்பது என்பதை வேலையின் கனம் தீர்மானிக்கட்டும். எதையும் பார்க்க முடியாதபடி விட்டதை அழித்துவிடுவதற்கு அது காரணமாகாது.

ஒருமுறை ஓட்டித் தூக்கி எறியும் ஸ்கிரிப்டுக்கு இத்தனை சடங்கா என்பார்கள். தூக்கி எறிவது ஸ்கிரிப்டைத்தான், அது பெற்ற பட்டியல் அஞ்சலில் போய் அறிக்கையில் உட்கார்ந்துவிடும். அவசரத்தில் ஷெல்லில் படிக்கும் கோப்பின் பெயரையே எழுதும் கோப்பாகவும் கொடுத்துவிட்டால், வடிகட்டி முதல் வரியைத் தொடும் முன்பே ஷெல் அந்தக் கோப்பைக் காலி செய்துவிடும். மூலமும் போய், விட்டதும் போய், எண்ணிப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. மூலத்தைத் தொடாமல், எடுத்ததற்கு ஒரு கோப்பு, விட்டதற்கு ஒரு கோப்பு, படிக்கவே முடியாமல் போன வரிகளுக்கு மூன்றாவதாக ஒன்று என்று வைத்துக்கொண்டால், படித்த மொத்த வரிகளையும் சேர்த்துக் கடைசியில் நான்கு எண்கள் திரையில் வரும். முந்தைய குறள் கோப்பில் ‘கல்’ என்று ஓட்டினாலும் மூன்றின் கூட்டுத்தொகை 2660 வர வேண்டும். 2659 வந்தால் கடைசி வரியின் முடிவைப் பார்க்கலாம். 2660 சரியாக வந்தால் விட்ட கோப்பைத் திறந்து, ‘கற்’ என்று ஒருமுறை தேடலாம்.